பதினாறு நாள் ரோஜா

குற்றவாளியைக் கோழிக்கூண்டில் பூட்டி வைத்திருந்தார்கள்.

கூண்டின் மேல் கொசுவலை. கொசுவலையின் மேல் ‘தொடாதே’ என்று எழுதிய அட்டை. உள்ளே, பழைய எண்ணெய் டின்னில் ஒரு ரோஜாச் செடி ஐந்து பூக்களோடு, யாருக்கும் ஒரு கெடுதலும் நினைத்தறியாத முகத்தோடு நின்றது.

“விலங்கு மாட்டலியா?” என்று விசாரித்தார் காசிநாதன். “கிளை ஜாஸ்தியா இருக்குது. எகிறிக் குதிச்சி ஓடிடப் போவுது.”

நிர்மலா அவரை ஒரு பார்வை பார்த்தாள். முப்பது வருடம் கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் காசிநாதன். ஓய்வு பெற்ற அன்று எல்லாவற்றையும் டிப்போவில் ஒப்படைத்தவர், விசிலை மட்டும் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு வந்துவிட்டார். இப்போது நிர்மலாவுக்கு உதவியாளர். சம்பளத்தைவிட அதிகமாகப் பேசுகிறவர்.

நிர்மலாவின் துப்பறியும் நிலையம் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு தையல் கடை மாடியில் இருந்தது. கொலையோ கொள்ளையோ அந்த மாடிப்படியில் ஏறியதில்லை. பதினெட்டு வருடமாக ஏறியதெல்லாம் பெண்ணைப் பெற்றவர்கள்தான். மாப்பிள்ளை குடிப்பானா, சொன்ன வேலையில்தான் இருக்கிறானா, வேறு எங்காவது சம்பந்தம் பேசி நின்று போயிருக்கிறதா என்று விசாரித்துச் சொல்வாள். அதற்கென்று ஒரு படிவமே அச்சடித்து வைத்திருந்தாள். அவள் விசாரித்ததால் நின்று போன கல்யாணங்கள் நிறைய. நிற்கப் போகிற கல்யாணத்தைக் காப்பாற்றச் சொல்லி வந்த முதல் ஆள் நர்மதாதான்.

நர்மதாவின் அப்பா ராஜாங்கம், கோமுகி அணைக்குக் கீழே வாய்க்கால் ஓரமாக ரோஜா நர்சரி வைத்திருப்பவர். மாப்பிள்ளை தமிழழகன் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம், சாமையும் கொஞ்சம் ரோஜாவும் பயிரிடுகிறவன். நாற்று வாங்க வந்த இடத்தில் நர்மதாவைப் பார்த்தான். அதன் பிறகு அவனுக்கு வாரா வாரம் தேவைப்பட்ட நாற்றை நட அந்த மலையே போதாது.

மாசியில் நிச்சயம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் தட்டில் தேங்காய் பழத்தோடு மலை ரோஜா ஒன்றையும் டின்னோடு வைத்துக் கொடுத்தார்கள். பதிலுக்கு ராஜாங்கம் தன் நர்சரியிலேயே உசத்தியான ஒட்டு ரோஜா ஒன்றைக் கொடுத்தார். சித்திரை பிறந்ததும் நர்சரி நாற்றுகளில், ஒட்டுக் கட்டிய இடத்தில், நெல்லிக்காய் நெல்லிக்காயாகக் கட்டி வீங்கத் தொடங்கியது. ஆனிக்குள் பாதி நர்சரி போயிற்று.

ராஜாங்கம் கணக்காக முடிவு கட்டிவிட்டார். வியாதியைக் கொண்டு வந்தது மலைச்செடி. செடியைக் கொண்டு வந்தது சம்பந்தம். ஆகவே சம்பந்தம் வேண்டாம். இன்று நாலு மணி பஸ்ஸில் நிச்சயத் தட்டுகள் மலைக்குத் திரும்பிப் போகின்றன. ஐந்து பித்தளைத் தட்டுகளும் துண்டில் மூட்டையாகி, வாசல் நாற்காலியில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தன. மணி பதினொன்று.

“மலைக்காரங்களோட சம்பந்தம் வேணாம்னு எங்க அண்ணன் தலையால அடிச்சிக்கினாரு,” என்றார் ராஜாங்கம். “நான் கேக்கல. போவட்டும், மொதல்ல சாமியைக் கும்பிட்டுட்டு வாங்க. அப்புறம் உங்க விசாரணையை வெச்சுக்கலாம்.”

நர்சரியின் நடுவே தகரக் கூரை, சீரியல் பல்பு, ‘வளரும் விநாயகர்’ என்று பெயர்ப் பலகை. ஒரு ரோஜாப் புதரின் நிழலில், பட்டுத் துண்டும் சந்தனமும் வெள்ளிக் கண்ணுமாகத் தேங்காய் அளவில் ஒரு சுயம்பு. துதிக்கை இடது பக்கம் வளைந்திருந்தது. கார்த்திகையில் எலுமிச்சம்பழம் போல மண்ணிலிருந்து எட்டிப் பார்த்தவராம். சதுர்த்திக்குச் சதுர்த்தி ராஜாங்கம் டேப் பிடித்து அளந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குப் போடுகிற மாதிரி பின்சுவரில் கோடு போட்டுத் தேதி எழுதியிருந்தார். ஏழு கோடுகள் இருந்தன.

“இதே வேகத்துல போனா அடுத்த வருஷம் இவருக்கு அரை டிக்கெட் எடுக்கணும்,” என்று காசிநாதன் நிர்மலாவின் காதில் சொன்னார்.

நிச்சயத்துக்குச் சம்மதித்ததே இவரைக் கேட்டுத்தான் என்றார் ராஜாங்கம். சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் பொட்டலம் கட்டிப் போட்டு எடுத்ததில் வெள்ளைப் பூ வந்ததாம்.

“சாமியே சரின்னு சொன்ன சம்பந்தத்தை நீங்க ஏங்க வேணாம்ங்கறீங்க?” என்று கேட்டாள் நிர்மலா.

“சாமி மாப்பிள்ளைக்குத்தான் சரின்னுச்சு. செடிக்குச் சொல்லல.”

இதற்குப் பதில் நிர்மலாவின் படிவத்தில் எந்தப் பத்தியிலும் இல்லை.

பன்னிரண்டு மணிக்குச் சிவரஞ்சனி ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். நர்மதாவின் பள்ளித் தோழி. கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில், செடிகளுக்குக் கட்டி வரவைக்கும் பாக்டீரியாக்களை மட்டுமே நாலு வருடமாக ஆராய்கிறவள். சென்ற மாதம் நர்மதா அவளுக்கு ஏழு குழாய்களில் கட்டித் துண்டுகளைப் போட்டு அனுப்பியிருந்தாள். ஐந்து நர்சரிப் பாத்திகளிலிருந்து, ஒன்று மலையிலிருந்து. ஏழாவதில் பெயரே இல்லை. எந்தச் செடி என்று கேட்டதற்கு மறந்து போச்சு என்றாளாம்.

நிர்மலா வழக்கமான படிவத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வேறு எப்படி விசாரிப்பது என்று அவளுக்குத் தெரியாது.

“பேர்?”

“அதுலதாங்க தகராறே,” என்றாள் சிவரஞ்சனி.

செடியில் எது கட்டி வரவைத்தாலும் அதற்கெல்லாம் ‘கட்டி உண்டாக்கி’ என்று ஒரே பெயரை வைத்து நூறு வருடம் ஓட்டிவிட்டார்களாம். பிறகு ஒவ்வொன்றின் மரபணுவையும் முழுசாக வாசித்துப் பார்த்தால், அந்த ஒரு பெயருக்குக் கீழே பத்துக்கு மேல் தனித்தனிக் குடும்பங்கள். வேடிக்கை என்னவென்றால், கட்டியே வரவைக்காத பரம சாதுக்கள் சிலரும் அதே குடும்பங்களில் அண்ணன் தம்பியாக இருக்கிறார்கள்.

“குலம்?” என்று அடுத்த பத்திக்குப் போனாள் நிர்மலா.

“அதைத்தான் இப்ப உலகம் பூரா பிரிச்சு எழுதிக்கினு இருக்கோம்.”

சிவரஞ்சனி சுருக்கமாகச் சொன்னாள். பாக்டீரியாவின் பரம்பரை முழுக்க ஒரு பெரிய இழையில் இருக்கிறது. அது தவிர, தனியாகச் சின்னதாக ஒரு வளையம். கட்டி வரவைக்கும் வித்தை அந்த வளையத்தில்தான் இருக்கிறது. வளையம் இல்லாவிட்டால் அது பாட்டுக்கு மண்ணில் கிடக்கும். ஆனால் வளையத்தை ஒன்று இன்னொன்றுக்குக் கொடுக்கும். கட்டிக்குள்தான் அந்தக் கைமாற்று நன்றாக நடக்கும்.

காசிநாதன் டீயை ஆற்றியபடி யோசித்தார். “எங்க தெருவுல ஒரு நெக்லஸ் இருந்துச்சி. பத்து கல்யாண போட்டோவுல பத்து பொண்ணு கழுத்துல அதே நெக்லஸ் தொங்கும். அதைப் பாத்து பத்தும் ஒரே வூட்டுப் பொண்ணுன்னு எழுதினா எப்படி இருக்கும்? உங்க ஆளுங்க நூறு வருஷமா போட்டோ பாத்து எழுதிக்கினு இருந்திருக்காங்க.”

இதைச் சொல்லத் தனக்கு இருபது பக்கம் ஆயிற்று என்று சிவரஞ்சனி வருத்தத்தோடு ஒப்புக்கொண்டாள்.

ராஜாங்கம் ஏற்கெனவே வெளியே ஒரு சின்னச் சோதனை செய்து வைத்திருந்தார். நர்சரி, மலை இரண்டு இடத்துக் கட்டியிலும் ஒரே கிருமி என்று சீட்டு வந்திருந்தது. அது வெறும் நெக்லஸ் சோதனை என்றாள் சிவரஞ்சனி. வளையத்தை மட்டும் பார்த்திருக்கிறார்கள். முழுசாக வாசித்தால் கதை வேறு. நர்சரிக் குழாய்கள் ஐந்திலும் ஒரே குடும்பம். மலைக் குழாயில் மட்டும் இரண்டு குடும்பம். ஒன்று இதே நர்சரிக் குடும்பம். இன்னொன்று மலை மண்ணிலேயே பிறந்து வளர்ந்த சாது. புதிதாக வளையம் மாட்டிக்கொண்டிருக்கிறது. அந்த மலைச் சாது நர்சரியில் எங்குமே இல்லை.

“மலையில எத்தனை செடிக்குக் கட்டி?” என்றாள் நிர்மலா.

“ஒண்ணே ஒண்ணுக்குத்தான். மாமா நிச்சயத்துல குடுத்தாரே, அந்த ஒட்டு ரோஜா.”

வியாதி மலையிலிருந்து இறங்கவில்லை. இங்கிருந்துதான் மலை ஏறியிருக்கிறது. கூண்டுக்குள் இருந்த டின் ரோஜாவை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதன் உடம்பில் ஒரு வீக்கம்கூட இல்லை.

ராஜாங்கம் அசரவில்லை. அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. இங்கிருந்து போனது என்றால், இங்கே எங்கிருந்து வந்தது? அதைக் காட்டட்டும், தட்டை அவிழ்க்கிறேன். காட்டாவிட்டால் நாலு மணி பஸ்.

“ஏழாவது குழாய்க்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குங்க,” என்றாள் சிவரஞ்சனி. “வம்சாவளி போட்டுப் பாத்தா மத்த அஞ்சும் அதுலேருந்துதான் கிளை பிரியுது. ஆனா அது எந்தச் செடின்னு தெரியலையே. ஒரே மஞ்சளும் சந்தனமும் வேற. சுத்தம் பண்ணவே ரெண்டு நாள் ஆச்சு.”

“சாம்பாருக்கு வெச்சதை மாத்தி அனுப்பிட்டாங்களா?” என்றார் காசிநாதன்.

நர்மதா டம்ளர்களை அவசரமாக எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். காசிநாதனின் டம்ளரில் பாதி டீ இருந்தது. நிர்மலா அதைக் கவனித்தாள்.

பாத்திகளுக்குப் போனார்கள். ஒரு வரிசை என்பது ஒரு ஆள் ஒரு நாளில் ஒட்டுக் கட்டிய செடிகள். வரிசைத் தலைப்பில் தேதியும் பெயரும் எழுதிய அட்டை. காசிநாதன் பழக்க தோஷத்தில் ஒவ்வொரு வரிசையையும் முன்னாலிருந்து பின்னால் வரை தலை எண்ணிக்கொண்டே போனார். ஐந்தாவது வரிசை முடிவில் நின்றுவிட்டார்.

“இன்னாம்மா இது கூத்து. மொத ட்ரிப்புல ஏறினவங்களுக்கு மட்டும்தான் காய்ச்சல். சாயங்கால ட்ரிப்பு ஜனங்க ஜம்முனு இருக்காங்க.”

உண்மைதான். எல்லா வரிசையிலும் முதல் முப்பது நாற்பது செடிகளுக்குக் கட்டி. பிறகு ஒன்று விட்டு ஒன்று. கடைசியில் ஒன்றுமில்லை. கத்திதான் கொண்டு போயிருக்கிறது. காலையில் அழுக்கு, வெட்ட வெட்டச் சுத்தமாகியிருக்கிறது. ஆனால் வேலை முடிந்ததும் எல்லாக் கத்தியையும் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்து ஆணியில் மாட்டுகிறார்கள். மறுநாள் காலையிலும் ஒரு தடவை கழுவுகிறார்கள். அப்படியிருந்தும் விடிந்ததும் அழுக்கு.

மூலையில், கீற்றுத் தட்டிக்குப் பின்னால், ஒதுக்கி வைத்த மாதிரி சில வரிசைகள். நிர்மலா தட்டியை விலக்கினாள். முதல் செடியிலிருந்து கடைசிச் செடி வரை ஒன்றில்கூடக் கட்டி இல்லை. எல்லா அட்டையிலும் பங்குனி மாதத் தேதி, ஒரே பெயர். பெருமாயி. பதினாறு வரிசை.

பெருமாயி பக்கத்துப் பாத்தியில்தான் இருந்தாள். ஐம்பது வயது. பேசும்போதுகூடக் கை ஒட்டு நாடாவைச் சுற்றிக்கொண்டே இருந்தது. பங்குனிக்கு முன்னாலும் பின்னாலும் அவள் கட்டிய வரிசைகள் மற்றவர்களுடையதைப் போலவே நோயாளிகள். நடுவில் பதினாறு மட்டும் இப்படி.

“எங்க மாமனாரு செத்துட்டாருங்க,” என்றாள் பெருமாயி. “பதினாறு நாளு தீட்டு. வூட்ல குந்திக்கினா அடுப்பு எரியாதே, அதனால வந்துட்டேன். ஐயா தனியா குந்திக் கட்டச் சொன்னாரு. செடியையும் தனியா வெச்சிட்டாரு. தீட்டுச் செடி, விக்கவும் வேணாம், வீசவும் வேணாம்னு அப்பிடியே கெடக்குது.”

அதே கத்திதானா? அதேதான். அதே நாடா? ஆமாம். அதே தண்ணீர், அதே தாய்ச்செடிக் கிளை? எல்லாம் அதேதான்.

“எல்லாரும் செஞ்சு, அந்தப் பதினாறு நாளும் நீங்க மட்டும் செய்யாதது என்னங்க?”

பெருமாயியின் கை முதல் முறையாக நின்றது.

“கோயில் பக்கம் வரக் கூடாதுன்னுட்டாங்க. மத்தபடி தெனம் காலையில கத்தியைக் கழுவிக்கினு போயி சாமி வயித்துல வெச்சி, அந்த அபிஷேகத் தண்ணியில நனைச்சி, சந்தனத்தை ஒரு வழி வழிச்சிக்கினுதான் மொத வெட்டு வெட்டுவோம். அதை மட்டும் நான் செய்யல.”

காசிநாதன் விசிலை எடுத்து, ஊதாமல், வாயில் வைத்துக்கொண்டார். பேசாமல் இருக்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

மூன்று மணிக்கு எல்லோரும் தகரக் கூரைக்கு அடியில் நின்றார்கள். சிவரஞ்சனி செருப்பைக் கழற்றிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, பட்டுத் துண்டை ஓரமாக விலக்கி டார்ச் அடித்துப் பார்த்தாள். சுயம்பு மண்ணிலிருந்து எழும்பவில்லை. நிழல் கொடுத்துக்கொண்டிருந்த ரோஜாப் புதரின், வேரும் தண்டும் சேரும் கழுத்திலிருந்து புடைத்து வந்திருந்தது. போன ஆடியில், ஊர் பேர் சொல்லாத ஒரு வண்டிக்காரனிடம் ராஜாங்கம் ஆசைப்பட்டு வாங்கிய தாய்ச்செடி அது. வந்த கிருமி உள்ளே குடியேறி, தினம் ஒரு குடம் அபிஷேகத்தில் செழித்து, சதுர்த்திக்குச் சதுர்த்தி வளர்ந்திருக்கிறது. பின்சுவரில் இருந்த ஏழு கோடுகளைப் போல ஒழுங்கான நோய்க்குறிப்பைத் தன் ஆய்வகத்தில்கூடப் பார்த்ததில்லை என்றாள் சிவரஞ்சனி.

ராஜாங்கத்தின் முகம் கறுத்தது. சாமியைச் சோதித்துப் பார்த்தீர்களா, சோதிக்காமல் எப்படிச் சொல்லலாம் என்று கேட்டார்.

“சோதிச்சாச்சுங்க,” என்றாள் நிர்மலா. “ஏழாவது குழாய். மஞ்சளும் சந்தனமும் பூசின கட்டி இந்த நர்சரியில வேற எங்க இருக்கு? ஏம்மா நர்மதா?”

நர்மதா தலையைக் குனிந்துகொண்டாள். சந்தனம் வைக்கிற மாதிரி வைத்து நகத்தால் கிள்ளி எடுத்தாளாம். கிள்ளிவிட்டுத் தோப்புக்கரணமும் போட்டாளாம்.

“தெரிஞ்சும் ஏம்மா சொல்லல?” என்றார் ராஜாங்கம்.

“நான் சொன்னா, கல்யாணத்துக்காகச் சாமியையே குத்தம் சொல்றான்னு ஆயிடும்பா. வேற யாராவது கண்டுபிடிச்சாத்தான் நீங்க நம்புவீங்க.”

கேஸைத் தானே கண்டுபிடித்துவிட்டு, அதைச் சொல்ல ஆள் வைத்த பெண்ணை நிர்மலா அன்றுதான் பார்த்தாள். கோபம் வரவில்லை. இப்படி ஒரு மருமகள் கிடைக்கும் வீட்டை நினைத்துக் கொஞ்சம் பொறாமைதான் வந்தது.

எல்லாம் முடிந்துவிட்டது என்று அவள் படிவத்தை மடித்தபோதுதான் ராஜாங்கம் மெல்லக் கேட்டார்.

“அப்ப வெள்ளைப் பூ குடுத்தது யாரு?”

அவரே தொடர்ந்தார்.

“இது சாமி இல்லன்னா, வாக்கு குடுத்தது வியாதி. மலைக்காரன் மேல தப்பு இல்ல, ஒத்துக்கறேன். ஆனா ஒரு வியாதி சரின்னு சொன்னதைக் கேட்டா நான் என் பொண்ணைக் குடுக்கறது?” அவர் நாற்காலியிலிருந்த மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். மணி மூன்றே முக்கால்.

நிர்மலா மடித்த படிவத்தை மறுபடி பிரித்தாள். காசிநாதன் பஸ் வரும் ரோட்டை எட்டிப் பார்த்தார். நர்மதா மட்டும் கூண்டருகே போய், கொசுவலையைப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றாள்.

பேசினது பெருமாயி.

“ஐயா, நான் ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காதீங்க. தீட்டுன்னு பதினாறு நாளு என்னைச் சாமி பக்கமே அண்ட வுடல. இப்ப உங்களுக்கு மிச்சம் இருக்கறது அந்தப் பதினாறு வரிசைதான். அந்தப் பதினாறு நாளும் சாமி எந்தப் பக்கம் இருந்துச்சின்னு நெனைக்கிறீங்க?”

ராஜாங்கம் மூட்டையோடு அப்படியே நின்றார். கீற்றுத் தட்டியைப் பார்த்தார், பின்சுவர்க் கோடுகளைப் பார்த்தார், மகளின் முதுகைப் பார்த்தார். பிறகு மூட்டையை இறக்கி முடிச்சை அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்தது. காசிநாதன் பல்லால் கடித்து அவிழ்த்துக் கொடுத்தார்.

“பெருமாயி, அந்த வரிசையிலேருந்து நல்லதா ஒரு செடி பாத்து எடு. உன் கையாலயே தட்டுல வை. நீயே கொண்டு போயி குடுத்துட்டு வா. தேதி மாறல, ஆவணியிலதான் கல்யாணம்னு நான் சொன்னேன்னு சொல்லு.”

“இந்தப் பொடவையோடவா?” என்றாள் பெருமாயி.

நர்மதா உள்ளே ஓடி, தன் நிச்சயத்துக்கு வாங்கிக் கட்டாமல் வைத்திருந்த புடவை ஒன்றை எடுத்து வந்தாள். வரும் வழியில் கோழிக்கூண்டின் கதவையும் திறந்துவிட்டாள்.

சுயம்புவின் விஷயம் ஐந்தே நிமிடத்தில் பேசி முடிந்தது. புதரை வேரோடு எடுத்து எரித்துவிடுவது, கத்திகளை இனிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுப்பது, கட்டியைச் சிவரஞ்சனி ஆய்வகத்துக்குக் கொண்டு போவது. ராஜாங்கம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். சதுர்த்திக்கு ஒரு பூவாவது வைக்க வேண்டும். விஞ்ஞானத்தின் சார்பில் சிவரஞ்சனி ஒத்துக்கொண்டாள். மூன்று பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, ஸ்கூட்டரின் முன்பக்கம் கிழக்கு பார்த்து உட்கார வைத்தார்கள். கள்ளக்குறிச்சி சாலை வடக்கே திரும்பும் இடத்தில் என்ன செய்வது என்று காசிநாதன் கேட்டதை யாரும் காதில் வாங்கவில்லை.

நாலு மணி பஸ் அன்றைக்கென்று சரியான நேரத்துக்கு வந்தது. பெருமாயி புடவைக் கொசுவத்தைச் செருகிக்கொண்டே ஓடி வந்தாள். பஸ் நிற்கிற மாதிரி தெரியவில்லை. காசிநாதன் ரோட்டின் நடுவில் போய் நின்று, மூன்று வருடமாக ஊதாத விசிலை ஊதினார். டிரைவரின் கால் தன்னால் பிரேக்கை மிதித்தது.

ஜன்னலோரம் பெருமாயி உட்கார்ந்தாள். மடியில் தட்டு, தட்டில் பதினாறு நாள் ரோஜா. செடியை லக்கேஜ் பக்கம் வைக்கச் சொன்னான் புது கண்டக்டர். அவள் கேட்காத மாதிரி வெளியே பார்த்தாள்.

காசிநாதன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

“தம்பி, அந்தம்மா சம்பந்தி வூட்டுக்குப் போறாங்க. பாத்து எறக்கி வுடு.”

பிறகு, பஸ் தன்னுடையதுபோல, அவரே ரைட் விசில் கொடுத்தார்.